பெட்ரோல் எஞ்சின்களில் விஜிடி டர்போ ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

கேள்வி (நாலுசிலிண்டர்):
வணக்கம். என்னிடம் 1.3 லிட்டர் டீசல் எர்டிகா ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அதே எஞ்சின் ஸ்விஃப்டில் சாதாரண டர்போவுடன் 75 குதிரைத்திறனும், எர்டிகாவில் விஜிடி டர்போவுடன் (வெளியேறும் வாயுவின் பாதையைத் திரும்பும் தகடுகளால் குறுக்கவும் விரிக்கவும் கூடிய டர்போ) 90 குதிரைத்திறனும் தந்தது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. டீசலில் இவ்வளவு இயல்பாகிவிட்ட ஓர் ஏற்பாட்டைப் பெட்ரோல் டர்போ கார்களில் ஏன் அதிகம் காண முடிவதில்லை? "வெப்பம் தாங்காது" என்று பட்டறையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வேறு காரணங்களும் உண்டா? டீசல் காரிலிருந்து கழற்றிய விஜிடி டர்போ ஒன்றை 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் பொருத்திப் பார்க்க நண்பர் ஒருவர் ஆசைப்படுகிறார், அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1 (சுழலி):
பட்டறையில் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. டீசல் காரில் டர்பைனை, அதாவது வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தவைக்கும் சக்கரத்தை, வந்தடையும் வாயு பெரும்பாலும் 850 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினில் அது 950 முதல் 1,050 டிகிரி வரை போகும். விஜிடியில் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகள் ஒவ்வொன்றும் தன் ஊசியில் திரும்ப வேண்டும். தகட்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் சிறு பங்குதான். சூட்டில் உலோகம் விரியும் என்று அந்த இடைவெளியைக் கூட்டினால், குறைந்த வேகத்தில் வாயு தகட்டின் ஓரமாகக் கசிந்து போய்விடும். குறைந்த வேகத்திலேயே அழுத்தம் கிடைக்க வேண்டும் என்றுதானே தகடுகளை வைத்தோம்? அதுவே போய்விடும். குறைத்தாலோ, தகடு சிக்கிக்கொள்ளும்.

மீதிப் பாதி எஞ்சினின் இயல்பில் இருக்கிறது. டீசல் எஞ்சின் குறைந்த சுமையிலும் காற்றை ஏறத்தாழ முழுமையாக உள்ளிழுக்கும்; அதன் வேகமும் நிமிடத்துக்கு 4,500 சுழற்சியோடு முடிந்துவிடும். பெட்ரோலில் த்ராட்டில் (உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் அடைப்பு) காற்றை நெருக்குகிறது, வேகமோ 6,500 வரை ஏறுகிறது. எனவே மிகக் குறைந்த ஓட்டத்துக்கும் மிக அதிக ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் டீசலைவிடப் பெரியது; ஒரே தகட்டு வரிசை இரண்டையும் சமாளிப்பது கடினம். அது மட்டுமன்று. தகடுகளை மூடும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களிலிருந்து வாயு வெளியேறும் குழாய்த் தொகுதியில்) அழுத்தம் ஏறுகிறது. டீசலில் அந்த அழுத்தம் இஜிஆர் வாயுவை (மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பப்படும் எரிந்த வாயுவை) தள்ளுவதற்குக்கூடப் பயன்படும். பெட்ரோலிலோ எரிந்து முடிந்த சூடான வாயுவில் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்கி, புதிதாக வரும் கலவையைச் சூடாக்கி, நாக்கிங்கை (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவதை) தூண்டுகிறது. அதைத் தடுக்க இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) பற்றவைப்பைத் தாமதப்படுத்தினால் வெளியேறும் வாயு இன்னும் சூடாகிறது. ஆரம்பித்த இடத்துக்கே, முன்பைவிட மோசமான நிலையில், திரும்பி வந்து நிற்போம்.

பதில் 2 (பழைய கராஜ்):
"இயலாது" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷெல்பி சிஎஸ்எக்ஸ் காரில் கேரட் நிறுவனத்தின் விஜிடி டர்போவைப் பொருத்தி 500 கார்கள் செய்தார்கள். அதில் குதிரைத்திறன் முந்தைய மாதிரியில் இருந்த அதே 175தான். உச்ச முறுக்குவிசைதான் கூடியது, அதுவும் 2,100 சுழற்சியிலேயே கிடைத்தது. விஜிடி எதற்காக என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது. ஏறத்தாழ அதே காலத்தில் ஹோண்டாவும் ஜப்பானில் லெஜெண்ட் காரில் முயன்றது. இரண்டும் நிலைக்கவில்லை.

2006இல் வந்த போர்ஷே 911 டர்போதான் திருப்புமுனை. முந்தைய தலைமுறையில் 2,700 சுழற்சியில் 560 நியூட்டன் மீட்டர். புதியதில் அதே 3.6 லிட்டர் அளவில் 1,950 சுழற்சியிலேயே 620. சுமார் 1,000 டிகிரியைத் தாங்கும் உயர்தர உலோகக் கலவைகள் அதற்குத் தேவைப்பட்டன. விலை எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்பதை அறிய 2016இன் 718 வரிசையைப் பாருங்கள்: 2.5 லிட்டர் எஞ்சினுக்குத்தான் விஜிடி, 2.0 லிட்டருக்குச் சாதாரண டர்போ. போர்ஷே வாங்குபவரிடமே இந்தக் கணக்கு என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

பதில் 3 (கம்ப்ரஷன்):
ஃபோக்ஸ்வாகன் எதிர்த்திசையில் யோசித்தது. வெப்பத்தைத் தாங்கும் டர்போவைத் தேடுவதை விட்டு, வெப்பத்தையே குறைத்தார்கள். 1.5 லிட்டர் டிஎஸ்ஐ ஈவோ எஞ்சினின் 96 கிலோவாட் வடிவத்தில் மில்லர் முறைப்படி இன்டேக் வால்வு முன்கூட்டியே மூடிக்கொள்கிறது. கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு) 12.5 என்றாலும், கலவை விரிந்து குளிர்வதால் நாக்கிங் அடங்குகிறது. டர்பைனுக்கு வரும் வாயுவை 880 டிகிரிக்குள் நிறுத்த முடிந்ததால், டீசல் டர்போவுக்கு நெருக்கமான மலிவான உலோகங்களே போதுமானவையாயின. வால்வு சீக்கிரம் மூடுவதால் சிலிண்டரில் காற்று குறையும் அல்லவா? அந்தக் குறையை ஈடுகட்டும் அழுத்தத்தைக் குறைந்த வேகத்திலேயே தருவதற்கு விஜிடி வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை என்பதுதான் இந்த வடிவமைப்பின் அழகு.

நாலுசிலிண்டர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் நண்பரின் எண்ணத்தைக் கைவிடச் சொல்லிவிடலாமா?

சுழலி:
ஆம், ஐயா. அவர் பிடிவாதமாக இருந்தால், டர்பைனுக்கு முன்னால் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி 850 டிகிரியைத் தாண்டவிடாமல் ஓட்ட வேண்டும். மேனிஃபோல்டில் தனியாக ஒரு வேஸ்ட்கேட்டும் (மிகையான வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியேற்றும் வால்வு) வைக்க வேண்டும். கலவையில் பெட்ரோலைக் கூட்டி வாயுவைக் குளிர்விக்கலாம், ஆனால் மைலேஜும் புகைப் பரிசோதனையும் கையை விட்டுப் போகும். தகடுகள் மூடிய நிலையில் சிக்கி அழுத்தம் அளவுமீறி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம் கேளுங்கள். டீசலில் இசியூ சக்தியைக் குறைத்து வண்டியை ஊர்ந்தாவது வீடு சேர்க்கும். டர்போவுக்கென்று செய்யப்படாத, கம்ப்ரஷன் அதிகமான 1.2 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்காது.