ரங்கூன் மொகல் வீதி வீட்டார் குழு: பீங்கான் தலை

குமரன்: இம்மாத இறுதிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பாயி அறையிலுள்ள பீங்கான் பெண் தலையை என்ன செய்வது? படத்தை ஸ்காட் மார்க்கெட்டில் காட்டினேன். இருநூற்றைம்பது ஆண்டுப் பழைமையான மைசன் பீங்கான் என்கிறார்கள்.

வியாசர்பாடி அத்தை: வெள்ளைக்காரி இன்னும் இருக்கிறாளா?

பெரியப்பா: கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பாதே. ஜெர்மனியில் மைசன் ஆலை 1710இல் தொடங்கியதும், குறுக்கிட்ட இரண்டு நீல வாள்கள் அதன் முத்திரை என்பதும் உண்மை. ஆனால் அந்த வாள்களைப் பார்த்து வரைந்த ஆலைகளும் பல. நம் தலையைக் கவிழ்த்துப் பார், வாள்களுக்குக் கீழே ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டுமென்று அமெரிக்கா 1891 முதல் கட்டாயப்படுத்திய பிறகு பரவிய வழக்கம் அது. ஆகவே இவள் அதற்குப் பிந்தியவளாகத்தான் இருக்க வேண்டும்.

மாலா சித்தி: கழுத்து விரிசலுக்கும் அமெரிக்காதான் காரணமா, அத்தான்?

சித்தப்பா: கூடத்தில் சின்லோன் பிரம்புப் பந்தை உதைத்தது நான் மட்டும் இல்லை.

பெரியப்பா: நீ மட்டும்தான். விரலால் சுண்டினால் நல்ல பீங்கான் மணிபோல் ஒலிக்கும். இது அன்றிலிருந்து மந்தமாகத்தான் ஒலிக்கிறது. குமரா, ரத்தினக் கடையில் புற ஊதா விளக்கு கேட்டு வாங்கி இருட்டில் அடித்துப் பார், ஒட்டிப் பூசிய இடம் தனியாகத் தெரியும்.

வியாசர்பாடி அத்தை: விலை எதற்கு? அது எனக்கென்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பெரியப்பா: அது நம்முடையதே அன்று, தங்கச்சி. 1964இல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டபின் இந்தியாவுக்குக் கப்பலேறிய எதிர்வீட்டு ஆச்சி, நகையையே பிடுங்கிக்கொள்ளும் துறைமுகத்தில் இதை யார் விடுவார்கள் என்று அஞ்சி, அடுத்த தைக்குள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தையிலும் அம்மா அதை எடுத்துத் துடைத்து வைத்தது அதனால்தான்.

குமரன்: அந்த ஆச்சியின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

வியாசர்பாடி அத்தை: காரைக்குடிப் பக்கம் என்றுதான் பேச்சு. நான் இங்கே விசாரிக்கிறேன். அதுவரை என்னிடமே இருக்கட்டும்.

சித்தப்பா: விசாரிப்பதற்குத் தலை எதற்கு, அக்கா? படம் போதாதா?

பெரியப்பா: முடிவாகும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

மாலா சித்தி: நேற்றே கைலியில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், அத்தான். பாதுகாப்புக்காகத்தான்.

பெரியப்பா: யாரைக் கேட்டு?

வியாசர்பாடி அத்தை: மாலா, வீடியோ காலுக்கு வா. அவள் கழுத்தை நான் பார்க்க வேண்டும்.