எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளை காலூன்றவில்லை

வினா: கொக்குவிலிலிருந்து ஒரு தாய்

எனது மகனுக்கு ஏழு வயது. கடந்த வாரம் ஒழுங்கையில் பந்து விளையாடும்போது மதகில் தடக்கி விழுந்தான். சிராய்ப்புக்கூட இல்லை, மறுநாள் பள்ளிக்கூடமும் போனான். மூன்றாம் நாள் இரவு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நோகிறது என்று அழத் தொடங்கியவன், விடிந்ததும் கட்டிலிலிருந்து இறங்க மறுத்துவிட்டான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முறிவு எதுவுமில்லை, வெறும் உளுக்கு என்று பனடோல் பாணி தந்து அனுப்பினார்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டிப் புக்கை கட்டுவோம் என்றார் மாமி. நான்தான் காய்ச்சலுக்குப் பயந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். என்பில் கிருமித்தொற்று என்று விடுதியில் அனுமதித்து, இப்போது ஊசி வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். தோலில் ஒரு காயமும் இல்லாதபோது கிருமி எப்படி உள்ளே போனது? எக்ஸ்ரே பிழையா? வளரும் கால் கட்டையாகிவிடுமா? விடுதியில் டொக்டரிடம் இதையெல்லாம் கேட்க வாய் வரவில்லை.

மறுமொழி: இளைப்பாறிய தாதி

தங்கச்சி, எக்ஸ்ரே பிழையில்லை. அதை வைத்துச் சொன்ன முடிவுதான் பிழை. என்பில் தொற்றுத் தொடங்கி முதல் 10 முதல் 14 நாள்கள் வரை எக்ஸ்ரேயில் என்பின் மாற்றம் பெரும்பாலும் தெரிவதில்லை. முறிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை முதலில் எடுப்பார்கள். என்பு மச்சையின் வீக்கத்தையும் சேர்ந்திருக்கும் சீழையும் எம்.ஆர்.ஐ. ஆரம்பத்திலேயே காட்டிவிடும்.

கிருமி புண் வழியாகத்தான் போகவேண்டும் என்றில்லை. மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ரெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாதான் பெரும்பாலும் காரணம். அது குருதியில் கலந்து, நீண்ட என்புகளின் நுனியில், என்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டுக்கு அருகே போய்த் தங்கிவிடுகிறது. அவ்விடத்தில் நுண்ணிய குருதிக்குழாய்கள் கொண்டையூசிபோல் வளைந்து திரும்புவதால் ஓட்டம் மந்தமாக இருக்கும். பல பிள்ளைகளில் சில நாள்களுக்கு முன் சிறு அடி பட்ட கதையும் இருக்கும். ஆனால் விழுந்ததால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏழு வயதுப் பையன் விழாத வாரம் எது?

நான் வேலை செய்த விடுதியில் பெரிய டொக்டர் ஒருவர் பிள்ளையுடன் பள்ளிக்கூடக் கதை கதைத்துக்கொண்டே ஒற்றை விரலால் கணுக்காலிலிருந்து மெதுவாக மேலே அழுத்திக்கொண்டு வருவார். ஓர் இடத்தில் பிள்ளையின் கதை நின்றுவிடும். உளுக்கின் நோ மூட்டைச் சுற்றிப் பரவலாக இருக்கும். இது என்பின் மேல் ஒரு புள்ளியில் நிற்கும். அதோடு காய்ச்சலும் சேர்ந்து, காலூன்றவும் மறுத்தால், உளுக்கு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மருந்து தொடங்குமுன் குருதியைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுத்திருப்பார்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதை அதில் அறியலாம். காய்ச்சல் இறங்கி, நோ குறைந்து, உடலின் அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. என்ற குருதிப் பரிசோதனை அளவும் வீழ்ந்தால் வாய்வழி மருந்துக்கு மாற்றுவார்கள். மொத்தம் 3 முதல் 6 வாரம் வரை ஆகலாம். சீழ் கட்டியிருந்தாலோ இரண்டு மூன்று நாள்களில் குணம் தெரியாவிட்டாலோ சத்திரசிகிச்சை வேண்டிவரும். வளர்ச்சித் தட்டு பழுதுபட்டால் கால் குறுகவோ வளையவோ கூடும் என்பது உண்மை. ஆனால் நேரத்தோடு வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். வீட்டுக்குப் போனபின் கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.

மறுமொழி: பயிற்சி மருத்துவர்

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தொற்று இடுப்பு மூட்டுக்குள் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. மூட்டில் சீழின் அழுத்தம் ஏறினால் தொடையென்பின் தலைக்குப் போகும் குருதி தடைப்படும். அதனால் தாமதமின்றித் திறந்து கழுவ வேண்டும். கைக்குழந்தைகளில் காய்ச்சல்கூட இல்லாதிருக்கலாம். ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருப்பதும், துணி மாற்றும்போது வீரிட்டு அழுவதும்தான் அடையாளமாக இருக்கும்.

மறுமொழி: சாவகச்சேரித் தந்தை

புக்கை பற்றி என் அனுபவம். மகள் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்தபோது, நாட்டு வைத்தியரிடம் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவித்தோம். அன்றிரவு விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தன. விரலை மெல்ல நிமிர்த்தினாலே கத்தினாள். கட்டை அவிழ்த்துவிட்டு, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழைத்தோம். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் தசை செத்துக் கை நிரந்தரமாக மடங்கியிருக்கும் என்றார்கள். நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. என் தகப்பனாரின் விலாவை அதே வைத்தியர்தான் பார்த்தார். ஆனால் பிள்ளையின் முழங்கை முறிவையும், காய்ச்சலோடு வரும் கால்நோவையும் அங்கே கொண்டுபோகமாட்டேன். உங்கள் மாமி காலை எண்ணெய் பூசி உருவ நினைத்தால் அதையும் தடுத்துவிடுங்கள்.

கொக்குவில் தாய்

எல்லோருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ.யில் சீழ் கட்டவில்லையாம். சீ.ஆர்.பி. 140 இலிருந்து 62 ஆக இறங்கியிருக்கிறது; நாளை மறுநாள் குளோக்சசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழியாகத் தொடங்கலாம் என்கிறார்கள். வெறுவயிற்றில் நாலு வேளை கொடுக்க வேண்டுமாம். பள்ளிக்கூட நாளில் மதிய வேளையை எப்படிச் சமாளிப்பது?

இளைப்பாறிய தாதி

இப்போதைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், தங்கச்சி. காலில் பாரம் போடலாம் என்று டொக்டர் சொல்லும் வரைக்கும் வீட்டில்தானே இருப்பான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். நேரத்தைக் கலண்டரில் குறித்து, கொடுத்ததும் வெட்டிவிடுங்கள்.