பழைய ஸ்பாட்மாட்டிக் கேமராவுக்கு விலை குறைந்த லென்ஸ்: காவடிக்கு முன் உதவி தேவை

ரோஸ்ஹில் பேத்தி:
அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் என் கைக்கு வந்திருக்கிறது. இங்கே மொரீஷியஸில், கியூர்பிப் வீட்டு அலமாரியில் தோலுறைக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்தது. ஷட்டர் நன்றாக ஓடுகிறது. புது மின்கலம் போட்டதும் ஒளிமானியின் ஊசியும் அசைந்தது. ஆனால் அதனோடு இருந்த சூப்பர் தக்குமார் 55 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்குள் ஓர் ஓரத்தில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறது.

மாமா தம்முடைய ஹெலியோஸ் 44-2 லென்ஸை இரவல் தந்தார். மேகமூட்டமான ஒரு காலையில், 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில், லென்ஸ் துளையை எஃப் 8-இல் வைத்து அத்தையைக் கோயில் வாசலில் எடுத்தேன். கழுவி வந்த படத்தில் வெளிச்சம் சரியாக இருக்கிறது. அத்தையின் மூக்குத்தியில் இருக்கும் கல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கையிலிருந்த பூசைத்தட்டு மங்கல், பின்னால் இருக்கும் கோபுரம் முற்றிலும் கரைந்துவிட்டது. சுருள் முழுவதும் இப்படித்தான்.

இந்த லென்ஸ் கெட்டதா? என்னிடம் 5,000 ரூபாய் இருக்கிறது. தைப்பூசத்துக்கு கோர் தெ கார்த் மலையடிவாரக் கோயிலில் காவடியைப் படமெடுக்க வேண்டும். ஒரு ஜூம் வாங்கினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எதை வாங்கலாம்?

வாக்வா பழையபெட்டி:
பணத்தை எடுக்காதே தங்கச்சி, முதலில் இதைச் சொல். அந்தக் காலை ஒளிமானி ஊசியை நடுவில் நிறுத்த ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தாய்?

ரோஸ்ஹில் பேத்தி:
1/1000 நொடி, அண்ணா. மேகம் மூடியிருந்தும் அவ்வளவு வேகம் கேட்டது எனக்கும் விந்தையாகத்தான் இருந்தது.

வாக்வா பழையபெட்டி:
அப்படியானால் லென்ஸில் ஒரு குறையும் இல்லை. மேகமூட்டத்தில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப் 8 வைத்தால் ஏறத்தாழ 1/60 தான் வரவேண்டும். உனக்கு 1/1000 வந்திருக்கிறது. நான்கு படி வித்தியாசம்; ஒரு படி என்றால் ஒளி இரு மடங்கு. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 8-இலிருந்து ஹெலியோஸின் முழுத்திறப்பான எஃப் 2-க்கும் சரியாக நான்கு படிதான். ஆகவே நீ 8 என்று வைத்தபோதும் லென்ஸ் முழுதாகத் திறந்தே இருந்திருக்கிறது.

ஹெலியோஸ் 44-2 லென்ஸில் துளைக்கு இரண்டு வளையங்கள் உண்டு. முன்னால் எண்களோடு 'டிக் டிக்' என்று நின்று நின்று திரும்புவது, எதுவரை மூடலாம் என்ற எல்லையை மட்டும் குறிக்கும். அதற்கு அடுத்து வழுக்கிக்கொண்டு திரும்பும் வளையம்தான் துளையைச் சுருக்கும் உலோக இதழ்களை உண்மையில் மூடும். நீ முதலாவதை மட்டும் திருப்பியிருக்கிறாய். ஸ்பாட்மாட்டிக் லென்ஸ் வழியே வரும் ஒளியைத்தான் அளக்கும். அதனால் வெளிச்சம் பிழைக்கவில்லை, கூர்மையின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், மட்டும் போய்விட்டது.

இனி இப்படிச் செய்: திறந்த நிலையில் குவியம் பார், இரண்டாம் வளையத்தை எல்லை வரை மூடு, ஒளிமானியின் பொத்தானை மேலே தள்ளி ஊசியைப் பார், பிறகு சொடுக்கு.

மலையடிவாரம்:
நான் ஆண்டுதோறும் அந்தக் கோயிலில் காவடி எடுப்பவன், படமும் எடுப்பவன். ஜூம் வேண்டாம் அம்மா. அந்தக் காலத்து விலை குறைந்த ஜூம்கள் கனமானவை, துளையும் சிறியது. கூட்ட நெரிசலில் வியூஃபைண்டர் இருட்டிவிட்டால் குவியம் வைக்கவே முடியாது.

நடுத்தரத் தூரத்துக்கு ஹெலியோஸ் போதும். காசு செலவழிப்பதென்றால் தக்குமார் 135 மி.மீ. எஃப் 3.5 தேடு. கையில் அடங்கும் அளவு, நல்ல கூர்மை, எஃப் 1.8 லென்ஸுகளை வாங்க இருக்கும் போட்டி இதற்குக் கிடையாது. அலகு குத்தியவரின் முகத்தருகே கேமராவை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நேர்த்திக்கடனோடு நடப்பவருக்கு வழிவிட்டு, தள்ளி நின்று எடுக்க 135 தான் வசதி. 1.5 மீட்டருக்குள் அது குவியாது என்பதை மட்டும் நினைவில் வை.

'பென்டாக்ஸ் லென்ஸ்' என்று மட்டும் போட்டு விற்றால் வாங்காதே. 1975 முதல் பென்டாக்ஸ், கே என்ற சொருகு அமைப்புக்கு மாறிவிட்டது. உன் கேமராவுக்கு வேண்டியது 42 மி.மீ. விட்டமுள்ள திருகு, எம் 42 என்பார்கள். பின்புறத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார். திருகு மரை தெரிய வேண்டும்.

வாக்வா பழையபெட்டி:
வாங்கும்போது கைவிளக்கைப் பின்னாலிருந்து அடித்துப் பார்க்கச் சொல். தூசி இருக்கலாம். பூஞ்சை நூலும் பனிமூட்டம் போன்ற மங்கலும் கூடாது. தக்குமாரின் பின்னால் இருக்கும் சிறு முள்ளை அழுத்தினால் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். மந்தமாக மூடினால் எண்ணெய் கசிந்திருக்கிறது.

தாத்தாவின் 55-ஐத் தூக்கி எறிந்துவிடாதே. ஓரத்துப் பூஞ்சை படத்தில் பெரும்பாலும் தெரியாது, எதிர்வெளிச்சத்தில் மட்டும் சற்று வெளிறும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துடைக்கலாம். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது, ஆனால் பரவுவது நிற்கும். கியூர்பிப் ஈரத்தில் தோலுறை பூஞ்சைக்குத் தொட்டில் மாதிரி. உறையைத் தனியே வை. கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை.

ரோஸ்ஹில் பேத்தி:
நேற்று மாமாவின் மேசை விளக்கருகே ஹெலியோஸைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் வளையத்தைத் திருப்பியதும் இதழ்கள் பூ கூம்புவதுபோல் மெல்லக் கூடி வந்தன. இத்தனை நாள் அந்த வளையம் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை! இன்று காலையும் மேகம்தான். எஃப் 8 வைத்தால் 1/60-இல் ஊசி நடுவில் நின்றது. 135 எஃப் 3.5 ஒன்று என் தொகைக்குள் கிடைத்திருக்கிறது, பின்புறப் படத்தில் திருகு மரையும் தெரிகிறது. வாங்கிக்கொள்வதாக விற்பவரிடம் சொல்லிவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.

மலையடிவாரம்:
மகிழ்ச்சி அம்மா. 135-ஐக் கையில் பிடித்து 1/60-இல் எடுத்தால் ஆடிவிடும், 1/250-க்குக் கீழே இறங்காதே. அதனால் காவடிக்கு 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போடு. விடியற்காலையிலேயே வந்துவிடு, வெயில் ஏறிவிட்டால் முகங்களில் நிழல் கறுத்துவிடும்.