மணியடிக்க 2 செகண்ட்

டெய்லர் – சாவேஸ் சண்டையைப் பற்றி ஒருமுறையாவது வாதாடாத குத்துச்சண்டை ரசிகர் இருக்க மாட்டார். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். 12-வது ரவுண்டு, அதுதான் கடைசி. பாயின்ட்டில் முன்னால் இருந்த மெல்ட்ரிக் டெய்லர் அடி வாங்கி விழுந்து, எழுந்து நிற்கிறார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் கேட்டதற்குப் பதில் வரவில்லை. சண்டையை நிறுத்திவிட்டார், வெற்றி சாவேஸுக்கு. மணியடிக்க இன்னும் 2 செகண்ட்தான் பாக்கி.

"ஸ்டீல் கொஞ்சம் பொறுத்திருந்தா என்ன சார்?" என்று சுபேதார் சாரிடம் கேட்டேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ரிட்டயரானவர், வெலிங்டனில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். "ஸ்டீலை விடுப்பா. கடைசி ரவுண்டுக்கு முன்னாடி டெய்லர் ஸ்டூல்ல உக்காந்திருந்தானே, அந்த ஒரு நிமிஷ இடைவேளையைப் பாரு" என்றார்.

பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. மூன்று நடுவர்களில் இரண்டு பேரிடம் டெய்லர் நன்றாகவே முன்னிலை. கடைசி ரவுண்டில் ஒருமுறை விழுந்தாலும் ஜெயித்திருப்பார். விலகி விலகி ஆடி நேரத்தைக் கடத்தியிருந்தால் போதும். ஆனால் அவருடைய கார்னரில் இருந்த பயிற்சியாளர் லூ டூவா, இந்த ரவுண்டும் நமக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். முகம் வீங்கி, வாயில் ரத்தத்தோடு இருந்த மனிதர் சண்டை போடவே போனார்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் குன்னூரில் ஒரு போட்டி. எங்கள் பையன் ஒருவன் இரண்டு ரவுண்டிலும் வெளுத்து வாங்கினான். ஆனால் இரண்டாவதின் கடைசியில் தாடையில் ஒரு லெஃப்ட் ஹூக் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். சுபேதார் சார் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் அவன் இமையைத் தூக்கிப் பார்த்து, "தம்பி, அடுத்து எத்தனாவது ரவுண்டு?" என்றார். "ரெண்டாவது சார்" என்றான். அவ்வளவுதான், சண்டையை விட்டுக்கொடுக்கிறோம் என்று டவல் ரிங்குக்குள் போய் விழுந்தது.

"விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேண்ணா" என்று இன்றைக்கும் என்னிடம் குமுறுகிறான். ஜெயித்திருப்பான்தான். அப்படியும் நான் சுபேதார் சார் பக்கம்.

1975 அக்டோபர் 1, மணிலாவில் ஜோ ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் செய்ததும் இதைத்தான். 14 ரவுண்டு முடிந்திருந்தது. ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை, ஆனாலும் எழுந்து போகத் துடித்தார். ஃபட்ச் விடவில்லை. எதிர்ப்பக்கம் முகமது அலியும் குற்றுயிராகத்தான் இருந்தார், ஜெயித்ததும் எழுந்தவர் அப்படியே சரிந்தார். அந்த 15-வது ரவுண்டு நடந்திருந்தால் பட்டம் கைமாறியிருக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். நடந்திருக்கலாம். அலியின் நிலைமை முழுசாகத் தெரிந்திருந்தாலும் ஃபட்ச் தன் ஆளை உட்காரத்தான் வைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.