குதிரைச் சவாரி முகாமுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஊவாக்காரன்:
வணக்கம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் இரண்டு நாள் குதிரைச் சவாரி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கல். வீட்டு அல்சேஷனுக்கு இரண்டு வயது. மாட்டைத் துரத்தாது, குதிரையை இன்னும் கண்டதில்லை. எவ்வளவு தூரத்தில் கட்டுவது? இரவில் எங்கே படுக்க வைப்பது? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

லாயத்தடி:
தம்பி, முதலில் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். மாட்டோடு பழகிய நாய் குதிரையோடும் பழகும் என்று நம்பாதீர்கள். அல்சேஷன் மந்தை மறிக்கிற இனம். ஓடுகிற குளம்பைக் கண்டதும் பின்னங்காலுக்குத்தான் பாயும். குதிரைக்கோ நேர் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஏதாவது அசைந்தால் உதைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும்.

இன்னும் மூன்று, நான்கு வாரம் இருந்தால் பழக்கலாம். குதிரை நிற்கும் இடத்திலிருந்து 50 மீற்றரில் தொடங்குங்கள். நீங்கள் நீட்டும் இறைச்சித் துண்டை நாய் வாங்கித் தின்றால் அடுத்த நாள் இன்னும் 10 மீற்றர் கிட்டப் போகலாம். வாயை மூடி, வால் விறைத்து, கண் எடுக்காமல் பார்த்தால் அது குரைப்பதற்கு முந்திய நிலை, உடனே பின்வாங்குங்கள். குரைத்த பிறகு இழுத்து அதட்டுவதில் பயனில்லை. 10 மீற்றரில் அமைதியாகப் படுக்காத நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

கயிறு 6 அடிக்கு மேல் வேண்டாம். சுருண்டு நீளும் கயிறு கூடவே கூடாது, குதிரைக் காலில் சுற்றினால் இரண்டுக்கும் ஆபத்து. நடக்கும்போது எந்தக் குதிரைக்கும் 4 மீற்றர் இடைவெளி.

தேயிலைமலை:
லாயத்தடி அண்ணன் சொன்னதோடு ஒன்று. தோட்டத்து ரோட்டில் எதிரே குதிரை வந்தால் பள்ளப் பக்கம் ஒதுங்குங்கள். மேட்டில் நிற்பவனைக் குதிரை மேலிருந்து பாய வரும் மிருகமாக நினைத்து மிரளும். மிரண்டு பள்ளத்துப் பக்கம் விலகினால் ஏறியிருப்பவர் கதி என்ன? நாயை உங்கள் காலுக்கு மறுபக்கம் உட்கார வைத்து, சவாரிக்காரரோடு சாதாரணமாகக் கதையுங்கள். மனுசக் குரல் கேட்டால் குதிரை அடங்கும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஒரு எட்டுப் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை.

மருந்துப்பெட்டி:
குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுத்த இடத்தில் நாயை மோப்பம் பிடிக்க விடாதீர்கள். ஐவர்மெக்டின் என்ற அந்த மருந்துப் பசை குதிரைக்கு உடம்பு எடை கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுப்பது 0.006தான். ஒரு குழலில் 500 கிலோவுக்கு மேற்பட்ட உடம்புக்கான மருந்து இருக்கும். குதிரை துப்பிய கட்டியை நக்கினாலே சில நாய்களுக்கு, முக்கியமாகக் கொலி இனத்துக்கு, தள்ளாட்டம், நடுக்கம், கண்மணி விரிதல் வரும். சாணத்திலும் மருந்து மிஞ்சியிருக்கும். லாடம் அடிக்கும்போது சீவி எறியும் குளம்புத் துண்டை நாய்கள் ஆசையாகக் கடிக்கும். விழுங்கினால் குடலில் அடைக்கலாம்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருங்கள். முதல் ஊசி என்றால் 21 நாள் கழித்தே பாதுகாப்பு, பிறகு வருடாவருடம்.

குளிர் ஊர்தானே என்று வேனுக்குள் பூட்டாதீர்கள். வெளியே 21 பாகை என்றாலும் வெயிலில் மூடிய வாகனம் அரை மணியில் 35ஐத் தாண்டும்.

ஊவாக்காரன்:
நன்றி. இரவுக்கு வெளியே மரத்தில் கட்டலாமா?

தேயிலைமலை:
வேண்டவே வேண்டாம், தம்பி! மலைநாட்டுச் சிறுத்தை தேயிலை மலைக்குள்ளேயே நடமாடும். கட்டிய நாயால் ஓடவும் முடியாது. உங்களோடு கூடாரத்துக்குள் படுக்க வையுங்கள். விடியற்காலைக் குளிருக்கு நிலத்தில் சாக்கும் மேலே கம்பளியும் போடுங்கள். மிச்சச் சோற்றுத் தட்டு வெளியே கிடந்தால் காட்டுப்பன்றியும் தெருநாயும் வரும், அதைக் கண்டு கட்டியிருக்கும் குதிரைகள் கயிற்றை அறுக்கும். கூடாரத்தைக் குதிரைகள் கட்டும் வரிசைக்குக் காற்று வரும் பக்கம் அடிக்காமல், தள்ளி அடியுங்கள். நாயின் கழிவைப் பையில் அள்ளி எடுத்துப் போங்கள், புல் மேயும் இடத்தில் ஒன்றும் கிடக்கக் கூடாது. காலையில் விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்குள் ஏறியிருந்தால் இழுக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.