செய்தியைப் பகிர்ந்ததற்கு இழப்பீடு கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, உதவுங்கள்

மேலூர் கடைமடை:
வணக்கம். மேலூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயிகளுக்காக நான்கு ஆண்டுகளாக ஒரு முகநூல் பக்கம் நடத்துகிறேன். ஒருபோகத் தண்ணீர் எப்போது வரும், எந்தக் கண்மாய்க் கரை உடைந்தது என்று நாளிதழில் வருவதைப் படம்பிடித்து அப்படியே போடுவேன். அடியில் ‘நன்றி’ என்று இதழின் பெயரையும் எழுதுவேன். ஒரு பைசா வருமானம் கிடையாது. சென்ற வாரம் ஒரு நாளிதழ் கடிதம் அனுப்பியிருக்கிறது. மூன்று செய்திகளையும் ஒரு புகைப்படத்தையும் நீக்கி, இழப்பீடும் தர வேண்டுமாம். நடப்புச் செய்திக் கட்டுரையை மறுபதிப்புச் செய்யச் சட்டத்திலேயே இடம் உண்டு என்கிறார் நண்பர். உண்மையா?

வழக்கறிஞர், மதுரைக் கிளை:
தம்பி, நண்பர் சொல்வது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(எம்) பிரிவு. அது ஒரு நாளிதழோ பருவ இதழோ இன்னொன்றின் அரசியல், சமூக, பொருளாதார, சமயக் கட்டுரையை எடுத்துப் போடுவதைப் பற்றியது. எழுதியவர் அந்த உரிமையைத் தனக்கென்று ஒதுக்கி அறிவித்திருந்தால் அதுவும் செல்லாது. முகநூல் பக்கத்தை வைத்துக்கொண்டு அதை நம்பி இறங்காதீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது 52(1)(ஏ). விமர்சிக்கவும் நடப்பு நிகழ்வைத் தெரிவிக்கவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் கையாளலாம். எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், உங்கள் பதிவைப் படித்தவர் இதழை வாங்காமல் விட்டுவிடுவாரா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். முழுச் செய்தியையும் போட்டால் இந்த வாதம் நிற்பது கடினம். ‘நன்றி’ போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது. 2020இல் டெலிகிராமில் தைனிக் ஜாகரண் நாளிதழின் மின்பதிப்பை முழுதாகப் பரப்பிய சேனல்களை நீக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் ஒன்று: தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. தண்ணீர் திறந்த தேதியும் கன அடியும் யாருக்கும் சொந்தமல்ல. அதை உங்கள் சொற்களில் எழுதி, மூலச் செய்திக்கு இணைப்புக் கொடுங்கள்.

செய்திப் படக்காரர், திருமங்கலம்:
உங்கள் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை, அண்ணே. இருபது ஆண்டுகளாக நான் எடுத்த படங்கள் பெயர் வெட்டப்பட்டு எத்தனையோ குழுக்களில் சுற்றுகின்றன. உடைந்த கரையைப் படமெடுக்க இடுப்பளவு சேற்றில் நின்றிருக்கிறேன். அந்தப் படத்துக்கு இதழ் தரும் தொகைதான் என் வீட்டு வாடகை. நீங்கள் கண்மாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் கைபேசியில் நீங்களே எடுங்கள். எங்களைவிட முன்பே போய்ச் சேர்வீர்கள்.

மேலூர் கடைமடை:
இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை, மன்னியுங்கள். பழைய பதிவுகளையும் எடுத்துவிடுகிறேன். தாத்தா சேர்த்துவைத்த 1961ஆம் ஆண்டுச் செய்தித்தாள் படம் ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. அதையும் நீக்க வேண்டுமா? இழப்பீட்டை உடனே கட்டிவிடட்டுமா?

வழக்கறிஞர், மதுரைக் கிளை:
புகைப்படத்துக்கு முன்பு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள்; 2012 சட்டத்திருத்தத்துக்குப் பின் எடுத்தவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும். எடுத்தவர் பெயர் இல்லாமல் வெளியான படம் என்றால் உரிமை 2021 டிசம்பரோடு தீர்ந்துவிட்டது, இருக்கட்டும்; பெயர் இருந்தால் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். உடன் வந்த கட்டுரைக்கும் அதே கணக்கு: எழுதியவர் பெயர் இருந்தால் அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும்.

பணம் இப்போது கட்டாதீர்கள். கடிதத்தைக் கண்டுகொள்ளாமலும் இருக்காதீர்கள். பதிவுகளை நீக்குமுன் தேதியோடு நகல் எடுத்து வையுங்கள். நீக்கியதையும் வருமானம் இல்லாததையும் சொல்லிப் விரைவுத் தபாலில் பதில் அனுப்ப வேண்டும். அனுப்புமுன் கடிதத்தோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.