கிளினிக்கில் அந்த ஐந்து கேள்விகள்: உங்களிடமும் கேட்டார்களா?

வன்னிப்பிள்ளை:
ஐந்தாம் மாதம். நிறை, பிறஷர் எல்லாம் பார்த்து கொப்பியில் எழுதியாயிற்று. எழும்பப் போன நேரம் மிஸ் ஒரு தாளை எடுத்தார். புதிதாக வந்த டொக்டர் கேட்கச் சொன்னாராம். சண்டை, விபத்து மாதிரி பயங்கரமான ஏதும் நடந்திருந்தால், போன ஒரு மாதத்துக்குள் அதைப் பற்றிக் கெட்ட கனவு வந்ததா, அதை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டீர்களா, இப்படி ஐந்து. மனவடு இருக்கிறதா என்று பார்க்கவாம். கிளினிக் எப்படியென்று தெரியும்தானே. மேசைக்கு முன்னால் வாங்கு, வாங்கில் ஆறு பேர், எனக்குப் பக்கத்தில் மாமி.

"அவளுக்கு ஒன்றும் இல்லை மிஸ், அப்ப அவள் சின்னப்பிள்ளை" என்று மாமியே சொல்லிவிட்டார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நீலப் பேனையால் 'இல்லை'க்கு நேரே ஒன்றின் கீழ் ஒன்றாகச் சரி போட்டுக்கொண்டு போனார். ஐந்தாவதுக்கு வாசிக்காமலே போட்டார்.

நடந்ததற்கு உங்களையே குற்றம் சொல்கிறீர்களா என்பதுதான் ஐந்தாவது. தலைகீழாக இருந்த தாளில் நான் வாசித்துவிட்டேன். 2009 இல், கடைசிச் சண்டை நேரம், எனக்கு 11 வயது, வன்னியில் வலைஞர்மடத்தில் இருந்தோம். அன்றைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டியது என் முறை. தம்பி போனான்.

கொட்டடி அக்கா:
என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது இதயத்துடிப்பைக் குழல் வைத்துத்தான் கேட்டார்கள், பிரச்சினை இல்லை. 2005 இல் இளையவளுக்குத்தான் அந்தக் கைமெஷின். வயிற்றில் ஜெல் பூசிச் சத்தத்தைக் கூட்டினார்கள். மற்றத் தாய்மாருக்குக் குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்குமாம். எனக்கு ஹெலிகொப்டர். 1990 இல், யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம், எங்கள் கூரைக்கு மேலே நின்ற அதே ஹெலி. கண் முழித்தபோது கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். நேர்ஸ் சிரித்துவிட்டார். பிள்ளையின் இதயத்துடிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இது தெரியாது.

தென்மராட்சியான்:
மன்னிக்க வேணும், நான் வேறு கருத்து. ஆறின புண்ணைக் கிளறி என்ன காணப் போகிறார்கள்? 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்று, நிறைமாத வயிற்றோடு என் அம்மா நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தவர். ஆர் தாள் கொண்டுவந்து கேட்டது? ஒன்றும் ஆகவில்லையே. இன்றைக்கும் இரவில் மழை பெய்தால் மட்டும் அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு விடியும்வரை வாசற்படியில் இருப்பார். அது அவரின் பழக்கம். மற்றபடி நல்ல சுகம். கொட்டடி அக்கா, நேர்ஸ் சிரித்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
தென்மராட்சியான் தம்பி, அம்மா வாசற்படியில் இருக்கிறதை இன்னொருமுறை வாசித்துப் பாரும்.

என்னுடைய கதை சின்னது. ஒரு பிள்ளை, முதல் பிரசவம், பரிசோதிக்கக் காலைத் தொட்டவுடன் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஒத்துழைக்கவில்லை" என்று கொப்பியில் எழுதினேன். என் கையெழுத்து.

கேட்பதால் புதிதாக நோய் வராது. கேட்டுவிட்டு அப்படியே விட்டால்தான் பிழை. பிள்ளை பிறந்த பிறகு கேட்கிற எடின்பரோ கேள்விகள் வேறு. அவை பத்து, போன ஏழு நாளைப் பற்றியவை, மனச்சோர்வைப் பிடிக்கத்தான். அதில் நல்ல புள்ளி வந்த தாய்க்கும் மனவடு இருக்கலாம். இந்த ஐந்தில் மூன்று நாலுக்கு ஓம் என்றால் மனவடு வருத்தம் என்று முடிவு கட்டுவதில்லை. மனநல டொக்டர் இருந்து கதைத்துத்தான் அதைச் சொல்வார். கதைத்தே மாற்றுகிற சிகிச்சை இருக்கிறது, வயிற்றுப்பிள்ளையோடும் செய்யலாம். லேபர் ரூமுக்கும் முதலே சொல்லி வையுங்கள்: தொடமுதல் சொல்லித் தொடவேணும், கதவு இப்படி இருக்கவேணும், இன்ன சத்தம் ஆகாது என்று. பிரசவமே மோசமாகப் போனால் அதிலேயும் இந்த வருத்தம் வரலாம், சண்டையைக் காணாத பிள்ளைகளுக்கும். இரவில் தாங்காவிட்டால் மனநல உதவிக்கான 1926 க்கு அடியுங்கள், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். அப்புறம் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள். கேட்காமலே சொல்கிறேன், தொழில் பழக்கம்.

முக்கியமாக, இதை ஆளைத் தனியே கூப்பிட்டுத்தான் கேட்கவேணும். வாங்கில் வைத்துக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

தென்மராட்சியான்:
வாசித்தேன்.

வன்னிப்பிள்ளை:
மாமியில் பிழை இல்லை. வடிவாகத்தான் பார்க்கிறார், மீன்தலை முழுக்க எனக்குத்தான். அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. தம்பி ஷெல்லடியில் போனான் என்று தெரியும். முறை மாறினது தெரியாது.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. திரிபோஷா சத்துமா வரிசையில் மாமியை நிற்கச் சொல்லப் போகிறேன். அது நீளமான வரிசை.